மெஷினுக்குக் குறட்டை கற்றுக்கொடுத்தவர்

தான் குறட்டை விடுவதில்லை என்று விஞ்ஞான முறைப்படி நிரூபித்தே தீருவதாக, பெயின்ட் கம்பெனி குடோன் சூப்பர்வைசர் சபதம் செய்தார். காரணம் இருந்தது. "அடுத்த வாரத்துலேர்ந்து நீங்க ஹால் சோபாவுல படுங்க" என்று மனைவி சொல்லிவிட்டாள். அந்த சோபாவில் படுத்தால் முழங்காலுக்குக் கீழே உள்ளதற்கு வேறு வீடுதான் பார்க்க வேண்டும். மனைவி பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். நாள் முழுக்க வாயைப் பிளப்பவர்களையே பார்ப்பவள், வீட்டிலும் ஒருவர் பிளந்தால் பொறுப்பாளா?

"குறட்டை விடுறது நீதான். மெஷினே சொல்லும் பாரு!"

இணையத்தில் ஒரு மென்பொருள் இலவசமாகக் கிடைத்தது. தரவைக் கொடுத்தால் தானே கற்றுக்கொள்ளும். கற்றதைக் கலர் கலராகப் படமும் போடும். புரோகிராம் எழுத வேண்டாம். திரையில் பெட்டிகளை இழுத்துப்போட்டு, பெட்டிக்குப் பெட்டி கோடு போட்டால் போதும். ஆயுசு முழுக்க அடுத்தவரைப் பெட்டி இழுக்கவைத்தவருக்கு, தானே இழுக்க நேர்ந்ததும் விரல் மரத்துப்போனது. கோட்டைத் தலைகீழாகப் போட்டார். பெட்டிமேல் சிவப்பாக எச்சரிக்கை வந்தது. நல்ல கலர் என்று ரசித்தார்.

ஒருவழியாக, மென்பொருளோடு வந்த முதல் பாடம் ஓடியது.

"இங்க வா! இதழோட நீள அகலத்தைச் சொன்னா, என்ன பூன்னு சொல்லிடும்!"

"பூவைப் பார்த்தா எனக்கே தெரியுமே?"

"இது அறிவியல்!"

"பூ வாங்கித் தராம பூவை அளக்குறதா?"

திரை முழுக்கச் சின்னப் புள்ளிகள். எதிரே உட்கார்ந்திருப்பது பெரிய புள்ளி என்று அவருக்கு நினைப்பு.

பிறகு சொந்த ஆராய்ச்சி. கட்டிலருகே போனை வைத்துச் சத்தங்களைப் பதிவு செய்தார். எவ்வளவு பலம், எவ்வளவு நீளம் என்று எண்களாக மாற்றினார். 'கர்ர்' என்றதற்கெல்லாம் 'மனைவி' என்று பெயர் ஒட்டினார். எப்படித் தெரியும்? தன்னுடையதாக இருக்க முடியாதே! 'கணவன்' என்ற பெயருக்குப் பகலில் முழித்துக்கொண்டே, கண்ணாடி முன் நின்று, மெல்லிசாக மூச்சு விட்டுப் பதிந்தார்.

மென்பொருள் கற்றது. சோதித்துப் பார்த்தார். நூற்றுக்கு நூறு! பள்ளிக்கூடத்தில் பார்க்காத மார்க்.

தீர்ப்பைக் கேட்கப் பக்கத்து வீட்டு அக்காவைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். மனைவி கையைத் துடைத்தபடி வந்தாள்.

"அது சொன்னா சொன்னதுதானா?"

"மெஷின் பொய் சொல்லாது!"

"அப்புறம் பேச்சு மாற மாட்டீங்களே?"

"அக்கா முன்னாடி சொல்றேன். மாறினா என் பேரை மாத்திக்கிறேன்!"

மனைவி அக்காவைப் பார்த்தாள். அக்கா தன் போனை நீட்டினார். "இந்தச் சத்தம் யாருதுன்னு கேளுங்க தம்பி."

வீடு அதிரும் குறட்டை. சூப்பர்வைசர் குஷியாக அதையும் எண்களாக்கிக் கோட்டை இழுத்தார். திரையில் வந்தது: மனைவி.

"பார்த்தியா! பார்த்தியா!"

"அது எப்போ பதிஞ்சதுக்கா?" என்றாள் மனைவி, எதுவும் தெரியாதவள்போல.

"போன சனிக்கிழமை மத்தியானம். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ மரம் அறுக்குறாங்கன்னு பயந்து பதிஞ்சேன். நீ ஆஸ்பத்திரியில இருந்தே. வீட்டுல தம்பி மட்டும்தான். தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க!"

சூப்பர்வைசருக்கு வாய் பிளந்தது. இந்தமுறை தூக்கத்தில் அல்ல.

"அப்போ... மெஷின்தான் தப்பு!"

"பொய் சொல்லாதுன்னீங்களே? நீங்க கத்துக்கொடுத்ததைத்தானே அது சொல்லுது. மெஷின் தப்புன்னா, குறட்டை உங்களுது. சோபாவுக்குப் போங்க. மெஷின் சரின்னா, இந்த வீட்டுல மனைவி நீங்கதான். உள்ளே பாத்திரம் குவிஞ்சு கிடக்கு."

அவர் திரையைத் திரும்பிப் பார்த்தார். எதில் அவமானம் குறைவு என்று எந்தப் பெட்டியும் சொல்லவில்லை.

"ரெண்டுல எதுன்னு நீயே சொல்லிடு" என்றார் கடைசியில்.

"எதுக்கு ஒண்ணை விடணும்? முதல்ல பாத்திரம், அப்புறம் சோபா."