கறுப்பா இருந்தா ஓட்டைன்னு நெனச்சேன்

எனக்க அண்ணன் செத்து ரெண்டு வருசம் ஆச்சு. அவன்மேல உள்ள கோவம் எனக்கு இன்னும் தீரல்ல. செத்தவனப் பத்தி இப்பிடிப் பறையப்பிடாதுன்னு சொல்லுவாவ. சொல்லுகவனுக்க அண்ணன் கார் எஞ்சின அறுத்துப் போட்டுட்டு, ஒருத்தன்ட்டயும் சொல்லாம செத்திருந்தா தெரியும்.

அவனுக்கு ரப்பர் தோட்டத்துல பால் வெட்டு. மிச்ச நேரம் பூரா ஒரு பழைய காருக்க அடியில கிடப்பான். மூணு நாள் காய்ச்சல். "ஆசுத்திரிக்கு வாண்ணே"ன்னேன். ரெண்டு மாத்திரைய முழுங்கிட்டு மறுபடியும் காருக்க அடியிலதான் போனான். நாலாம் நாள் தூக்கிட்டுப் போனோம். திரும்பி வரல்ல.

அந்தக் காருல ஏறினா அம்மைக்கு வாந்தி வரும். எஞ்சினுக்குள்ள எண்ணெப் பொகை உண்டாவும். அது வெளிய வர ஒரு ரப்பர் ஹோஸ் உண்டு, பிரீதர்னு பேரு. கம்பெனிக்காரன் அதக் கொண்டுபோய், எஞ்சின் காத்து இழுக்குற குழாயில சேத்து வச்சிருப்பான். பொகை திரும்பப் போய் எரிஞ்சிரும். இவன் (மூளை கூடிப் போச்சு) அந்த ஹோஸ வெட்டி எறிஞ்சிட்டு, ஒரு குட்டி ஃபில்டர மாட்டினான். "எஞ்சின் ஃப்ரீயா மூச்சு விடட்டும்ல"ன்னான். அது விட்ட மூச்சு பூரா எங்க மூக்குல.

அவன் செத்த பொறவு, அம்மைக்க தம்பி, எங்க மாமா, காருக்கு ஆள் பாத்துட்டு வந்தாரு. நான் விக்க விடமாட்டேன்னு ஒத்தக் கால்ல நின்னேன். அம்மாதான் முடிவு சொன்னா.

"அந்த நாத்தம் போவுமா மக்களே? ஒரு வருச நெனவு ஆராதனைக்கு நான் அதுல ஏறி வாறேன். நாறிச்சுன்னா அண்ணைக்கே குடுத்துருவேன்."

நான் ஒம்பதாங் கிளாஸோட நிறுத்தினவன். ஃபோன்ல நாலு வீடியோ பாத்தேன், எஞ்சினியர் ஆயிட்டேன். குழித்துறையில பழைய சாமான் கடையில ஒரிஜினல் ஹோஸே கிடச்சுது. கடைக்காரர் சொன்னாரு, "மாட்டுகதுக்கு முன்னால, அது மாட்டுக ரெண்டு எடத்துலயும் ஊதிப் பாரு மக்கா, அடைப்பு உண்டான்னு."

"அதெல்லாம் எனக்குத் தெரியும்." (தெரியாது.)

"ஊதினா வாயொண்ணும் தேஞ்சு போவாதுடே."

நான் ஊதல்ல. ஃபில்டரக் கழத்தி வீசினேன். ஹோஸுக்க ஒரு முனைய எஞ்சினுக்க தலையில மாட்டினேன். மத்த முனைய, காத்துக் குழாயில நீட்டிட்டு நின்ன குட்டி மூக்குல சொருவி கிளிப்பு போட்டேன். அந்த மூக்குக்க வாய் கறுப்பா இருந்துது. கறுப்பா இருந்தா ஓட்டைதானே?

ஓட்டை இல்ல. பால் வெட்டின மரத்துல காஞ்சு ஒட்டிக் கிடக்குமே ஒட்டுப்பால், ஹோஸ வெட்டின பொறவு அந்த மூக்கு வழியா தூசி போவாண்டாம்னு, அத உருட்டி உள்ள அமுக்கி அடைச்சு, மேல கறுப்பு பெயிண்டும் அடிச்சு வச்சிருந்தான் எனக்க அண்ணன். (உலகத்துல வேற எவனாவது கார் எஞ்சின ஒட்டுப்பால் வச்சு அடைச்சிருப்பானா?) சொன்னானா ஒரு வார்த்த?

ஆராதனைக்கு எல்லாரும் வெள்ளையில. அம்மா முன் சீட்டுல இருந்துட்டு, "மணமே இல்லியே மக்களே"ன்னா. எனக்கு நெஞ்சு வீங்கிப் போச்சு. எஞ்சினும் உள்ளுக்குள்ள வீங்கிட்டுதான் இருந்துது, அது எனக்குத் தெரியல்ல.

சர்ச்சு ஏத்தத்துல விசில் மாதிரி ஒரு சத்தம். வாசல்ல நிறுத்தும்போ போனட்டுக்க ஓரத்துல பொகை வருது. அம்மா எறங்கி ஒதுங்கினா. போதகர் வெள்ள அங்கியோட வந்து எட்டிப் பாக்காரு. மாமாவும் வந்தாரு. சார்ஜாவுல லாரி ஓட்டினவராக்கும், எல்லாம் தெரியும்.

"நிறுத்தாத, ஓடட்டும். நான் பாக்கேன்"னு போனட்டத் தூக்கினாரு. "லேசா ரேஸ் குடு."

குடுத்தேன். மூச்சு விட வழியில்லாத எஞ்சின், எண்ணெ அளக்குற கம்பிய அம்பு மாதிரி மேல எறிஞ்சுது. அதுக்குப் பொறத்தால எண்ணெ. மாமாக்க சட்டையும் வேட்டியும் பூரா. போதகருக்கு நெஞ்சுலருந்து முட்டு வர.

"நிறுத்துல சவமே, நிறுத்துல"ன்னு மாமா கத்துகாரு. நான் வெப்ராளத்துல கால எடுக்கதுக்குப் பதிலா இன்னும் நல்லா மிதிச்சேன்.

போதகர் பையப் பைய கண்ணாடியத் தொடச்சாரு. "ஆராதனைய ஒரு பத்து நிமிசம் கழிச்சு வச்சுக்கலாம்"ன்னாரு.

நான் ஹோஸப் புடுங்கி, ஸ்குரூ டிரைவர விட்டு நோண்டினேன். ஒட்டுப்பால் உருண்டை வந்து கையில விழுந்துது. அவனுக்க பெருவெரல் தடம் அப்பிடியே பதிஞ்சு கிடக்கு. எனக்கு வந்த கோவத்துல கல்லறத் தோட்டத்துப் பக்கமா வீசி எறிஞ்சேன். "சாவதுக்கு முன்னால சொல்லப்பிடாதால"ன்னு கத்தினேன். (அவன நான் ஏலேன்னு விளிச்சது அண்ணைக்கு மட்டுந்தான்.) ஆராதனை முடிஞ்சு போய் புல்லுக்குள்ள தேடினேன். கிடைக்கல்ல.

மாமா வேட்டியப் பிழிஞ்சுட்டே, "அக்கா, நாளைக்கே அந்த ஆள வரச் சொல்லுகேன்"னாரு.

அம்மா ஒரு வருசமா அவன் பேரக் கேட்டா அழத்தான் செய்வா. அண்ணைக்கு அழல்ல. காருக்க முன்னால நின்னு, "நாசமாப் போவான், காலமாடன், செத்தும் அடங்குகானா பாரு"ன்னு தொடங்கினவ, நிறுத்தவே இல்ல. சர்ச்சு பூரா கேட்டுது. மூச்சு வாங்கினதும் மாமாட்ட திரும்பினா.

"விக்கண்டாம். அவன ஏசுகதுக்கு எனக்கு வேற என்ன கிடக்கு?"

கார் இப்ப எங்க வீட்டுலதான் கிடக்கு. சொந்தத்துல எந்தக் கலியாணம்னாலும், "நீ காருல வாறியா, பஸ்ஸுல வாறியா?"ன்னு எங்கிட்ட கேட்டுட்டுதான் சட்டைக்க கலர முடிவு பண்ணுவாவ. மாமா காருக்குப் பின்பக்கமா சுத்திதான் நடப்பாரு. அம்மா ஞாயித்துக்கிழமதோறும் முன் சீட்டுல ஏறி, கதவ அடைச்சு, அவன் பேரச் சொல்லி நாலு ஏச்சு ஏசுவா. பொறவுதான் எங்கிட்ட, "ம், எடு மக்களே"ம்பா.