நிலாவில் இறங்காத கிரேன்காரர்

எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் கிரேன்காரர் ஒரே இடத்தில் இரண்டு நிமிடம் நின்று பார்த்தவர் யாரும் கிடையாது. பார்த்தேன் என்று யாராவது சொன்னால் அவர்கள் பார்த்தது கிரேன்காரருடைய அண்ணனையாக இருக்கும்.

பூந்தமல்லி போக பஸ்ஸுக்குக் காத்திருப்பார். காத்திருப்பது என்றால் நமக்கு நிற்பது, அவருக்கு நடப்பது. அடுத்த ஸ்டாப்பில் ஏறிக்கொள்ளலாம் என்று கிளம்புவார். இரண்டு ஸ்டாப்புக்கு நடுவில் இருக்கும்போது பஸ் தாண்டிப் போய்விடும். இப்படி ஒவ்வொரு பஸ்ஸாக விட்டுவிட்டு, பருத்திப்பட்டு ஏரியைக் கடந்து, கடைசியில் பூந்தமல்லிக்கே நடந்து போய்ச் சேர்வார். சேர்ந்ததும், "இன்னா சர்வீஸ் வுடறானுங்கோ, ஒரு பஸ்ஸாவது நிக்குதா?" என்று டைம் கீப்பரிடம் சண்டைக்குப் போவார்.

சலூன்காரர் இவருக்கு முகச்சவரம் செய்வதற்கு முன்னால் சாமி கும்பிட்டுக்கொள்வார். கல்யாண வீட்டில் கிரேன்காரர் பந்தியில் உட்காரமாட்டார். பஃபே என்ற வார்த்தை ஆவடிக்கு வந்து சேர்வதற்கு முன்பே, தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு மண்டபம் முழுக்க உலாத்திச் சாப்பிட்டவர் அவர்தான்.

இத்தனைக்கும் காரணம் அவருடைய வேலை. கனரக வண்டிகள் செய்யும் எங்கள் தொழிற்சாலையில், ஷாப் என்று நாங்கள் சொல்லும் பட்டறையின் கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடும் பெரிய கிரேன் ஒன்று உண்டு. அதன் கூண்டுக்குள் ஷிப்ட் முழுக்க உட்கார்ந்திருப்பார். டீகூட கயிற்றில் கட்டித்தான் மேலே போகும். எட்டு மணி நேரம் கட்டிப்போட்ட கால்கள் தரைக்கு வந்ததும் சும்மா இருக்குமா?

கீழே நின்று அவருக்குக் கை காட்டுகிறவன் நான். திருச்சியிலிருந்து புதிதாக வேலைக்கு வந்தவன். கையைக் கீழ்நோக்கி ஆட்டினால் இறக்க வேண்டும், இரண்டு கையையும் விரித்தால் நிறுத்த வேண்டும். எஞ்சின் கொக்கியில் தொங்கும்போது பத்துப் பேர் பத்து விதமாகக் கத்துவார்கள். அவர் பார்ப்பது என் கையை மட்டும்தான். ஒரு தடவை பெரிய அதிகாரி ஒருவர் ஆர்வத்தில் கையை விரித்துவிட்டார். மேலிருந்து குரல் வந்தது: "சார், உன் கையி எனக்குச் செல்லாது. நைனாவைக் காட்டச் சொல்லு!" நைனா என்று அவர் கூப்பிடுவது என்னைத்தான்.

புது வண்டி ஒன்று முதன்முதலாக ஷாப்பை விட்டு வெளியே போன அன்று, வண்டிக்கு மாலை போட்டு எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டோம். பெருக்குகிறவர் முதல் பெரிய அதிகாரி வரை எல்லோரும் அதில் இருக்கிறோம். கிரேன்காரர் மட்டும் மேலே கூண்டில் இருந்தார். அவரைக் கூப்பிட வேண்டும் என்று எனக்குக்கூடத் தோன்றவில்லை.

தொண்ணூற்று நான்கில், மனிதன் நிலாவில் கால் வைத்து இருபத்தைந்து வருஷம் ஆனதைக் கொண்டாடுவது என்று குவார்ட்டர்ஸ் சங்கம் முடிவெடுத்தது. செக்ரட்டரி தேவசகாயம் திருநெல்வேலிக்காரர், எதைக் கொண்டாடினாலும் பிரியாணி உண்டு என்பது அவர் கொள்கை. சமுதாயக் கூடத்துக்குப் பக்கத்தில் கட்டட வேலைக்காகக் கொட்டியிருந்த கல்தூள் மேடுதான் நிலா. நானும் வெல்டர் பாஸ்கரும் அதில் இறங்கிச் சங்கத்துக் கொடியை நட வேண்டும். 'நிலாவில் இருவர்' என்று தேவசகாயம் நோட்டீஸ் போர்டில் எழுதி ஒட்டினார்.

கிரேன்காரர் வந்து படித்தார். போர்டை இரண்டு தரம் சுற்றி வந்தார்.

"இன்னா செக்ரட்டரி, ரெண்டு பேருன்னு போட்டுக்கீற? போனது மூணு பேராச்சே?"

"எறங்குனது ரெண்டு பேருதானவே?"

"எறங்கலன்னா ஆளு இல்லியா? மேல ஒத்தையா சுத்திக்கினு இருந்தானே, அவன் இன்னா வேடிக்கை பாக்கவா போனான்? அவன் இல்லாங்காட்டி இதுங்க ரெண்டும் ஊட்டுக்கு எப்டி வரும்? பூந்தமல்லி பஸ் புடிச்சா?"

"சரிவே, கோவப்படாதீரும். மூணாவது ஆளையும் சேத்துருதேன். ஆனா மேட்டுல எடமில்ல."

"மேடு எவனுக்கு வோணும்? சைக்கிள் கீது, சுத்திக்கிறேன்." போனவர் திரும்பி வந்தார். "நிலாவுக்குப் பின்னாடி போறப்போ அவனுக்கு ரேடியோகூட கெடியாது தெரியுமா? பேச ஒரு ஆளு இல்ல. அவனை எல்லாரும் ஒரு தபா பாத்துக் கை தட்டணும். அவ்ளோதான் நான் கேக்குறது."

அவர் யாருக்காகக் கேட்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. அன்றைக்குத்தான் அந்தப் போட்டோவை நினைத்து முதன்முதலாக வெட்கப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. ஸ்கூட்டர் ஹெல்மெட்டில் ஜிகினாத் தாள் ஒட்டிக்கொண்டு மூன்று பேரும் ஒரே சைக்கிளில் வந்தோம். பாரில் நான், கேரியரில் பாஸ்கர். எங்களை இறக்கிவிட்டு அவர் மைதானத்தைச் சுற்ற ஆரம்பித்தார். வேலை முடிந்ததும் நான் கை காட்ட வேண்டும், அவர் வந்து எங்களை ஏற்றிக்கொண்டு தன் வீட்டு வாசலில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இதுதான் ஏற்பாடு. மைதானத்து மூலையில் இருந்த தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போகும்போது மட்டும் யார் கூப்பிட்டாலும் பேசமாட்டார். அங்கே ரேடியோ கிடையாதாம்.

நாங்கள் நிலாவில் மெதுவாகக் குதித்தோம். பாஸ்கர் கல்தூள் சரிந்து கொடியோடு உருண்டான். அதற்குத்தான் கைதட்டல் பலமாக வந்தது. தேவசகாயம் மைக்கைப் பிடித்து, பந்தல் போட்டவருக்கு நன்றி, மைக்செட்டுக்கு நன்றி, டீ கொடுத்தவருக்கு நன்றி என்று அடுக்கிவிட்டு, மூணாவது ஆளைப் பற்றி மூச்சே விடாமல், "எல்லாரும் சாப்பிட வாங்க" என்று முடித்தார். பிரியாணி வாசனை வேறு ஆளை இழுத்தது. கூட்டம் கூடத்துக்குள் போனது. கூட்டத்தோடு நானும் போய்விட்டேன்.

இரண்டாவது பந்தியில் பாதி சாப்பிட்டிருப்பேன். கிரேன்காரர் மனைவி வந்து நின்றார்.

"தம்பி, அது இன்னும் சுத்திக்கினே கீது. சாப்ட வான்னு நான் கூப்ட்டேன், வரல. செக்ரட்டரி போயி குறுக்கால நின்னு ரெண்டு கையையும் விரிச்சாரு. பெல் அடிச்சிக்கினு ஒதுங்கிப் போவுது. நீ இன்னும் கை காட்டலியாமே?"

எச்சில் கையோடு ஓடினேன். உச்சி வெயில். ஜிகினா ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், சட்டையெல்லாம் வியர்வையில் ஒட்டிப்போய், தொட்டிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார். பருக்கை ஒட்டிய கைகளை விரித்துக் காட்டினேன். பிரேக் பிடித்தார். நல்லதாக நாலு வசவு கிடைக்கும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். திட்டியிருக்கலாம், எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"வேலை முடிஞ்சிச்சா நைனா? பாஸ்கர் எங்க? ரெண்டு பேரும் வந்தாத்தான் வண்டியை எடுப்பேன்."

திரும்ப ஓடி, இலையில் மூன்றாவது தரம் பிரியாணி வாங்கிக்கொண்டிருந்த பாஸ்கரைத் தரதரவென்று இழுத்து வந்தேன். என்னவோ ஏதோ என்று கூடமே பின்னால் திரண்டு வந்துவிட்டது. நான் பாரில் ஏறினேன், பாஸ்கர் கேரியரில் ஏறினான். அவர் மிதித்தார். மூணாவது ஆளுக்குக் கை தட்டவே இல்லை என்பது கூட்டத்துக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். கை தட்டலாம் என்றால் எல்லார் கையிலும் பிரியாணி. தேவசகாயம் பரிமாறும் கரண்டியால் வாளியைத் தட்ட ஆரம்பித்தார். உடனே டம்ளர், தட்டு, மூடி என்று அகப்பட்டதை எல்லாம் தட்டினார்கள். கிரேன்காரர் மனைவி ஒரு ரசக் குண்டானையே தட்டினார். கிரேன்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் தெரு முனை வரைக்கும் பெல்லை விடாமல் அடித்துக்கொண்டே போனார்.

தெரு திரும்பியதும் மெதுவாகக் கேட்டார்.

"நைனா, கீழ எப்டி கீது நிலா?"

கல்தூள் மேட்டில் பத்து நிமிடம் குதித்துவிட்டுச் சோற்றுக்கு ஓடியவன் நான். ஆனாலும் சொன்னேன்.

"மாவு மாதிரி இருக்கு அண்ணாத்தே. கால வெச்சா தடம் அப்படியே விழுது. பயமாத்தான் இருந்துச்சு. அண்ணாந்து பாத்தா நீங்க சுத்துறது தெரிஞ்சுது, பயம் போயிடுச்சு."

"மெய்யாலுமா?"

"சத்தியமா."

அவர் வீட்டு வாசல் வந்தது. வண்டி நிற்காமல் வாசலைத் தாண்டிப் போனது. இறக்கிவிடுங்கள் என்று நானும் சொல்லவில்லை.