சுரங்கப் பூதத்தின் விரல் குறித்த தீர்ப்பு

நீதி இந்த உலகத்தை விட்டுப் போய்விட்டது என்று புலம்புகிறவர்கள் ஒருமுறை அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வந்துவிட்டுப் போகவேண்டும். அங்கே மாயவட்டம் கேம்ஸ் நிறுவனத்தின் முதல் மாடியில், ஏசி அறையில், காலை ஒன்பதரை முதல் மாலை ஆறு வரை நீதி வழங்கப்படுகிறது. வழங்குபவன் அடியேன், ஞானசேகரன், முதுநிலை விதி விளக்க அலுவலர்.

நாங்கள் 'ஏழுகோட்டை' என்ற கார்டு விளையாட்டைத் தயாரிக்கிறோம். ஏழு கோட்டைகள், பதினோரு மன்னர்கள், நானூறு பூதங்கள், எல்லாம் கற்பனை. ஆடுகிறவர்களுக்கு வரும் சந்தேகங்கள் மட்டும் நிஜம். கீழே தரைத்தளத்தில் கார்டுகளை அச்சிட்டு, வெட்டி, பாக்கெட் போடுகிறார்கள். மேலே நாங்கள் சந்தேகம் தீர்க்கிறோம்.

"செத்த டிராகன் உயிர்த்தெழுந்தால் பழைய பல்வலி தொடருமா?" என்று ஈரோட்டிலிருந்து ஒருவர் கேட்டார். இரண்டு நாள் கூட்டம் போட்டு, 'பல் கொட்டியிருந்தால் தொடராது' என்று தீர்ப்பளித்தோம். விரதமிருக்கும் இளவரசி மந்திரக் கஞ்சி குடிக்கலாமா என்ற கேள்விக்கு எங்கள் 'உலக வரலாற்று நிபுணர்' பவ்யா பதினான்கு பக்கம் எழுதினாள். ஏழு கோட்டைகளிலும் ஒவ்வொரு சந்தும் அந்தப் பெண்ணுக்கு அத்துப்படி. திருமுல்லைவாயிலில் தன் எதிர்வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டால்தான் யோசிப்பாள். ஒவ்வொரு பதிலின் கீழும் நான் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்துவேன். முத்திரை விழுந்துவிட்டால் மூன்று கண்டங்களில் ரசிகர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

இப்படி நீதி செழித்துக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, தரைத்தளத்திலிருந்து வேம்புலியம்மாள் மாடியேறி வந்தாள். கட்டிங் மெஷினில் ஒன்பது வருடம் கார்டு வெட்டியவள். போன கார்த்திகையில் அந்த மெஷின் அவளுடைய இடக்கை ஆள்காட்டி விரலையும் சேர்த்து வெட்டிவிட்டது. நிர்வாகம் பெருந்தன்மையோடு அவளைப் பாக்கெட் போடும் வேலைக்கு மாற்றியது. அதற்கு ஒன்பது விரல் தாராளம்.

"இன்னா கேள்வி கேட்டாலும் பதில் சொல்லுவீங்களாமே சார்? போர்டு போட்டுகீது."

"கேளுங்கம்மா."

"மெஷினுக்குக் கவர் எப்போ மாட்டுவீங்க? அது இருந்தா வேலை மெதுவா ஆவுதுன்னு கயட்டி மூலைல போட்டாங்க. அது மேல டீ பிளாஸ்க்க வெச்சிகினு கீறாங்க. என் விரலு போனது போச்சு. இப்போ எம் பொண்ணு விஜிய அங்க நிக்க வெச்சிகீறாங்க சார்."

நான் நெகிழ்ந்துபோனேன். ஆனாலும் நடைமுறை என்று ஒன்று இருக்கிறதே.

"நீங்க எந்தக் கோட்டைம்மா?"

"நமக்கு ஊரு பாடி சார்."

"பாடி நம்ம ஆட்டத்துல இல்லையே. ஏழு கோட்டைக்குள்ள நடக்கிறதுக்குத்தான் பதில் சொல்ல எனக்கு அதிகாரம்."

"அப்போ வெளிய நடக்கறதுக்கு யாரு சார் சொல்லுவாங்க?"

கேள்விப் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன். அதற்குக் கட்டம் இல்லை. வருத்தத்தோடு அவளை அனுப்பிவைத்தேன். பவ்யா அவள் பின்னாலேயே படியிறங்கிப் போனதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் எங்கள் இணையதளத்துக்கு ஒரு கேள்வி வந்தது. அப்படி ஒரு கேள்வியை என் வாழ்நாளில் நான் கண்டதில்லை. 'சுரங்கப் பூதம் தொந்தனின் விரல், கல் அறுக்கும் சக்கரத்தில் சிக்கிப் போய்விட்டது. சக்கரத்துக்கு மூடி இருந்தது. வேலை தாமதமாகிறது என்று மன்னன் கழற்றிவிட்டான். இப்போது அதே சக்கரத்தில் தொந்தனின் மகள் நிற்கிறாள். விதி என்ன சொல்கிறது?'

என் கண் கலங்கிவிட்டது. பாவம், அந்தப் பூதம்! மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுதினேன்: 'மூடி மாட்டும்வரை சக்கரம் சுழலக்கூடாது. சுழற்றச் சொல்லும் மன்னன், முதலில் தன் விரலை அதில் வைத்துக் காட்டக்கடவன்.' கையெழுத்து, முத்திரை. தளத்தில் ஏற்றிய ஒரு மணி நேரத்தில் எண்ணாயிரம் பேர் இதயம் போட்டார்கள்.

வியாழக்கிழமை காலை அந்தத் தீர்ப்பு கட்டிங் மெஷினில் செலோடேப் போட்டு ஒட்டப்பட்டிருந்தது. ஒட்டியவள் வேம்புலியம்மாள். அவளுக்காகக் கேள்வியைப் பூத மொழியில் எழுதி அனுப்பியவள் பவ்யா. எங்கள் நிர்வாக இயக்குநர் அமல்ராஜ் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"கீழ ஒட்டியிருக்கிறது உங்க கையெழுத்தா?"

"ஆமா சார். முத்திரைகூட நேரா விழுந்திருக்கு பாருங்க."

"நாப்பது நிமிஷமா மெஷின் நிக்குதுய்யா! ஒருத்தியும் கிட்ட போகமாட்டேங்கிறா. கவர் மாட்டினாத்தான் வருவாங்களாம்."

"அது பூதத்துக்குப் போட்ட விதி சார். இருந்தாலும், கவர் மாட்டுறது பத்து நிமிஷ வேலைதானே..."

"மாட்டினா ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் கார்டு குறையும். பேசாம விதியை மாத்துங்க."

"முத்திரை விழுந்ததை மாத்த முடியாது சார்."

"முத்திரை யாரோடது?"

"கம்பெனியோடது."

"அப்புறம் என்ன?"

அசைக்க முடியாத வாதம். ஐயப்பன்தாங்கலில் நான் வாங்கியிருக்கும் ஃபிளாட் என் கண்முன் வந்து போனது. எழுதினேன்: 'திருத்தம். சுரங்கத்தில் விரல் போவது இயல்பான தேய்மானம். சக்கரம் சுழலலாம்.' பழைய தாளைக் கிழித்துவிட்டு இதை ஒட்டினார்கள்; இஷ்டமில்லாதவர்கள் கணக்கை முடித்துக்கொண்டு போகலாம் என்றதும் மெஷின் ஓட ஆரம்பித்தது.

வேம்புலியம்மாள் படியிலேயே என்னை மறித்துக்கொண்டாள். "நேத்து நாயம் சொன்ன வாயிதானே சார் இது?"

"கோவிச்சுக்காதீங்கம்மா. திருத்தம் பூதத்துக்குத்தான்."

"பூதத்துக்குக் கேக்க ஆளு கீறாங்க சார். எம் பொண்ணுக்கு நான் எங்க போவேன்?"

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அன்று இன்னும் முப்பத்திரண்டு கேள்விகள் பாக்கி இருந்தன.

அவள் சொன்னது சரிதான். பூதத்துக்குக் கேட்க ஆள் இருந்தது. திருத்தம் வெளியான மூன்று மணி நேரத்தில் உலகம் கொதித்தெழுந்தது. 'தொந்தனுக்கு நீதி' என்று இருபத்தாறு நாடுகளில் முழங்கினார்கள். வேளச்சேரியில் ஐடி இளைஞர்கள் செல்போன் வெளிச்சத்தோடு ஊர்வலம் போனார்கள். ஒருவர் மொட்டையே போட்டுக்கொண்டார். மனிதநேயத்தின் அந்த எழுச்சியைப் பார்த்து நான் புல்லரித்துப்போனேன்.

அமல்ராஜ் மனம் இளகினார். நிறுவனத்தின் சார்பில் தொந்தனிடம் பகிரங்க மன்னிப்புக் கேட்டார். சுரங்கச் சக்கரத்துக்குத் தங்க மூடி போடப்பட்டது. பத்து விரலோடு அவன் சிரிக்கும் 'விரல் மீண்ட தொந்தன்' சிறப்புக் கார்டு ஐம்பதாயிரம் பிரதி, மூன்றே நாளில் வெளிவரும் என்று அறிவித்தார்.

மூன்று நாளில் ஐம்பதாயிரம் என்றால் சும்மாவா? தரைத்தளத்தில் இரண்டு ஷிப்ட் ஓடியது. மெஷின் நிற்கவில்லை. இந்த அவசரத்தில் மூலையில் கிடக்கும் கவரை எடுத்து மாட்ட யாருக்கு நேரம்?

மூன்றாம் நாள் பிற்பகல் மெஷின் பத்து நிமிடம் நின்றது. விஜிக்கு இரண்டு விரல். வேம்புலியம்மாள் தன் முந்தானையைக் கிழித்துக் கட்டி, ஆட்டோவில் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அவள் அழவில்லை என்று வாட்ச்மேன் சொன்னார். கத்திக்கடியில் இருந்த கார்டுகளைத் துடைத்து, பதினோராவது நிமிடம் பாக்கெட் போட ஆரம்பித்தார்கள். ஐம்பதாயிரமும் குறித்த நேரத்தில் போய்ச் சேர்ந்தன. அமல்ராஜ் எல்லோருக்கும் கேக் வாங்கித் தந்தார்.

அடுத்த வாரம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு ரசிகர் கேட்டிருந்தார்: 'எனக்கு வந்த தொந்தன் கார்டின் ஓரத்தில் செம்பழுப்பாக ஒரு கறை இருக்கிறது. கதைப்படி அதற்கு என்ன பொருள்?'

பவ்யா அதை ஒருமுறை படித்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள். கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். வரலாற்று நிபுணர் இல்லாமல் தனியாக உட்கார்ந்து நான் எழுதினேன்: 'அது விரல் மீண்டபோது தொந்தன் சிந்திய புனிதத் துளி. மிக அபூர்வமான பதிப்பு. பத்திரமாக வைத்துக்கொள்ளவும்.' முத்திரை குத்தினேன். நேராகத்தான் விழுந்தது.

இப்போது முந்நூறு ரசிகர்கள் ஒரே கேள்வியை அனுப்பியிருக்கிறார்கள்: 'கறை உள்ள கார்டு இனியும் வெளிவருமா?'

'வரும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் எழுதிய பதில்களிலேயே கற்பனை கலக்காத பதில் அது ஒன்றுதான்.