மெட்டில்டாவின் ஊசியும் என் கண்காணிப்பும்

இரும்புலியூர்,
ஞாயிறு, ஆராதனை முடிந்து.

அன்பு மச்சான் ஜாய்சனுக்கு,

உன் அக்கா புருஷன் லாசரஸ் எழுதுவது. கோயம்புத்தூரில் நீயும் ஹெப்சியும் பிள்ளைகளும் சுகமாயிருக்கத் தினமும் ஜெபிக்கிறோம். இங்கே தேவ கிருபையால் எல்லாரும் நலம் என்று எழுதத்தான் ஆசை.

உன் அக்கா மெட்டில்டாவின் முடக்குவாதம் உனக்குத் தெரியும். போன வருஷம் சட்டைப் பட்டன்கூடப் போட முடியாதவள், ஒரிஜினல் ஊசியின் மகிமையால் ஜனவரியிலிருந்து ஊறுகாய் பாட்டிலைத் தானே திறக்கிறாள், ஈஸ்டருக்குச் சர்ச்சில் ஆர்கன் வாசிக்கவும் ஒத்துக்கொண்டிருக்கிறாள், இந்த நேரம் பார்த்து நேற்று மருந்துச் சீட்டில் ‘பயோசிமிலர்’, அதாவது ஒரிஜினலைப் போலவே வேறு கம்பெனி செய்யும் மருந்து, என்று எழுதியிருக்கவும் அவளையும் இழுத்துக்கொண்டு நேரே டாக்டர் உமேஷின் அறைக்குள் நுழைந்துவிட்டேன்.

"சார், இது உயிருள்ள செல்கள்ல தயாராகிற மருந்து. ஒரிஜினல்லயே ஒரு பேட்ச் மாதிரி இன்னொண்ணு அச்சு அசலா இருக்காது, வீட்ல உறை ஊத்துற தயிர் மாதிரி. ஆனா பலன்லயும் பாதுகாப்புலயும் சொல்லும்படியா வித்தியாசம் இல்லைன்னு நிரூபிச்சாத்தான் விக்கவே விடுவாங்க."

"முப்பத்திரண்டு வருஷம் எக்ஸாம் ஹால்ல காப்பி பிடிச்சவன் நான். என்கிட்டயேவா?"

"காப்பி அடிச்சவன் இத்தனை டெஸ்ட் எழுதி பாஸ் பண்ண மாட்டான் சார்."

மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தவர் உன் அக்காவைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அவள் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள், தோள் குலுங்கியது. அவள் அழுததைப் பார்த்து உடனே வெளியே கூட்டி வந்துவிட்டேன், மச்சான். அடுத்த ஊசிக்கு இரண்டே வாரம். அங்கே ஒரிஜினல் கிடைத்தால் ஐஸ் பெட்டியில் வைத்து உடனே அனுப்பு. அந்த விரல்கள் மறுபடி மடங்கிப்போனால் என்னால் தாங்க முடியாது.

கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

அன்புடன்,
லாசரஸ்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குமுன் மெட்டில்டா இதை வாங்கிப் படித்தாள். நேற்று சிரிப்பை அடக்கத்தான் வாயைப் பொத்தினாளாம். "ஜனவரியிலேர்ந்தே அந்த பயோசிமிலரைத்தாங்க போட்டுக்கிறேன். டாக்டர் விளக்கிச் சொல்லி, நானும் சரின்னுட்டேன். உங்ககிட்ட சொன்னா ரெண்டு ராத்திரி தூங்க மாட்டீங்க." ஊசியைக் கண்டால் மயக்கம் வருமென்று ஒவ்வொரு முறையும் வெளியே அவள் கைப்பையோடு உட்கார்ந்திருந்தவன் நான். "மருந்தை எங்கே பாத்தீங்க, என் விரலைத்தானே பாத்துக்கிட்டிருந்தீங்க" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். நன்றாகவே வலித்தது, மச்சான். மருந்து வேண்டாம், ஈஸ்டருக்குக் குடும்பத்தோடு வந்து சேர்.