வெள்ளை என்று எழுதிய மயில்துத்தம்

பிளஸ் டூவில் அதிக மதிப்பெண் வாங்கியவர்களிடம் ஒரு பொருளைக் காட்டி "இது என்ன?" என்று கேட்கக் கூடாது. கேள்வித்தாளில் வந்தால் பொளந்துகட்டுவோம். கண்ணுக்கு முன்னால் வந்தால் முழிப்போம்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளி முடித்தவள். வேதியியல் செய்முறையில் ஐம்பதுக்கு ஐம்பது. (சிரிக்காதீர்கள், பேப்பரில் அப்படித்தான் இருக்கிறது.) எங்கள் பள்ளியில் உப்பைக் கண்டுபிடிக்கும் சோதனைக்கு வருஷா வருஷம் ஒரே உப்புதான், அம்மோனியம் குளோரைடு. அதையும் தொட்டதில்லை. "நிறம் வெள்ளை, அம்மோனியா நெடி வரும்" என்று மொத்த வகுப்பும் ராகம் போட்டு ஒப்பிப்போம்.

அந்தத் திமிரோடு எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்தேன். அப்பா பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். என் மார்க்கை எங்கள் ஊர் மம்சாபுரம் முழுக்கச் சொல்லிவிட்டார். ஆனால் செட்டியார்பட்டியில் அத்தை மகன் தாலியோடு தயாராக இருந்தார். "காலேஜ்ல இருந்து ஒரு புகார் வரட்டும், மறு மாசமே கல்யாணம்" என்பது அப்பாவின் உத்தரவு. எனக்கோ அந்த அத்தானைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

முதல் செய்முறை வகுப்பில் ஆளுக்கொரு உப்பு கொடுத்தார்கள். நான் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், மனப்பாடத்தைக் கடகடவென்று எழுதி முதல் ஆளாக நீட்டினேன். பர்னரைக்கூடப் பற்றவைக்கவில்லை.

மேடம் கேட்டார். "ஏம்மா, இது என்ன நிறம்?"

"வெள்ளை மேடம்."

"உப்பைப் பாத்துச் சொல்லு."

பார்த்தேன். மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட். அப்படி ஒரு நீலத்தை அதுவரை நான் கண்டதில்லை. ஆனாலும் எழுதியதை மாற்ற மனசு வரவில்லை.

"கொஞ்சம் அழுக்கு வெள்ளை மேடம்."

"அம்மோனியா நெடி வருதா?"

மோந்து பார்த்து, "லேசா வருது" என்று இருமியும் காட்டினேன். (பாவி, நடிப்பு வேறு!)

மறுநாளே அப்பாவை வரச் சொல்லிவிட்டார்கள். விஷயத்தைக் கேட்டதும் அப்பா விறைப்பாக நின்றார். "கவர்மெண்டே அம்பதுக்கு அம்பது போட்டிருக்கு மேடம். எம்புள்ள வெள்ளைன்னா வெள்ளைதான்."

மேடம் உப்பை அவர் முன்னால் நகர்த்தினார். அப்பா பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி உப்பைப் பார்த்தார். கல்யாணம் உறுதி என்று நினைத்துக்கொண்டேன்.

வாடை பிடித்த மாதிரி அன்று சாயங்காலமே அத்தை வந்துவிட்டார். "படிப்பு ஏறலன்னா விடுண்ணே. தேதி பாத்துருவோம்."

அப்பா கும்பிட்டே விட்டார். "ஏட்டி, நீலத்துக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் தெரியாத புள்ளடி இது! நாளைக்கு ஒம்மவன் கொழம்புல உப்புன்னு மயில்துத்த விஷத்த அள்ளிப் போட்டா, யாரு பதில் சொல்லுறது? படிச்சு முடிக்கட்டும். பொறவு பேசுவோம்."

வைத்த காபியைக்கூடக் குடிக்காமல் அத்தை கடைசி பஸ்ஸுக்கு ஓடினார்.

நான் தட்டுத் தடுமாறிப் பட்டம் வாங்கி, வேறு ஒருவரைக் கட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறேன். அத்தான் இப்போதும் விசேஷங்களுக்கு எங்கள் வீட்டுக்கு வருவார். இலையில் உப்பு வைத்ததும் என் மகனைக் கூப்பிட்டு, "ஏலே, இது என்ன கலரு, நீ சொல்லு" என்று கேட்டுவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார்.