பூரணத் தெளிவு

நோயாளிக்குப் புத்தி தெளிவாக இருக்கிறதா என்று சான்று அளிப்பது எங்கள் மருத்துவமனையில் என் பொறுப்பு. அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதிப்பவருக்குச் சோதனை கிடையாது. அவர் தெளிந்தவர் என்பது ஐதீகம். மறுப்பவரை மட்டும் சோதிக்கச் சொல்வார்கள். பதினைந்து வருடமாக இதில் ஒரு கோளாறும் என் மேலான அறிவுக்குத் தட்டுப்படவில்லை.

அன்று ஆறாம் கட்டிலில் ஒரு பெரியவர். மின்கம்பம் ஏறும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோயால் வலது காலில் இரண்டு விரல் கறுத்துவிட்டது. வெட்டக் கூடாது என்கிறார். பக்கத்தில் மகள், அழுது களைத்த முகத்தோடு.

படிவத்தைப் பிரித்தேன். "டாக்டர் விளக்கினதை உங்க வார்த்தையில சொல்லுங்க."

"யாரும் எதுவும் விளக்கலையே."

'விளங்கிக்கொள்ளவில்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். விளக்கினார்களா என்று கேட்கப் படிவத்தில் கட்டம் இல்லை.

"வெட்டாட்டி என்ன சார் ஆகும்?"

"கேள்வி நான்தாங்க கேக்கணும்." 'குழப்பம்' என்ற கட்டத்திலும் ஒரு டிக்.

மகள் அவர் காதருகே குனிந்தாள். "அப்பா, சரின்னு சொல்லிடுங்க. ஆளை விட்டுடுவாங்க."

"சரிங்க சார், வெட்டுங்க," என்றார்.

போட்ட டிக்கையெல்லாம் அழித்துவிட்டு, 'பூரணத் தெளிவு' என்று எழுதி முத்திரை குத்தினேன்.

"முத்திரை வச்சாச்சா?"

"வச்சாச்சு."

"அப்பத் தெளிவாவே சொல்றேன். வேணாம்."

மகளே சிரித்துவிட்டாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். விட்டுவைத்தால் விஷம் ரத்தத்தில் ஏறி உயிருக்கே உலை வைக்கும், விரலை எடுத்தால் புண் ஆறியதும் நடக்கலாம் என்று இருபது நிமிடம் பேசினேன்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல? ரெண்டு வெரல்தானே, எடுத்துக்குங்க," என்றார்.

மறுநாள் கண்காணிப்பாளர் கூப்பிட்டார். "படிவத்துல இல்லாத இருபது நிமிஷம் நோயாளிகிட்டப் பேசியிருக்கீங்க. உங்க புத்தித் தெளிவு பத்தி நிர்வாகத்துக்குச் சந்தேகம் வந்திருக்கு. இனிமே இப்படி நடக்காதுன்னு எழுதிக் குடுத்துடறீங்களா? இல்ல..."

அவர் கையில் இருந்தது நோயாளிகளைச் சோதிக்க நான் நிரப்பும் அதே படிவம்.

"சரி சார்," என்றேன். நீட்டிய தாளில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன்.

அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. 'பூரணத் தெளிவு' என்று எழுதி, முத்திரை குத்தி, என்னை வேலைக்கு அனுப்பினார்.