மத்யமாவதியில் தொடங்கிய கச்சேரி

நிறையப் புத்தகம் படிக்கிறவன் கையில் மைக்கைக் கொடுக்கக் கூடாது. பிறரைப் பார்த்துச் சொல்லவில்லை. அந்த மைக்கைப் பிடித்திருந்தவன் நான்தான்.

எனக்குத் தேதிப் பைத்தியம் உண்டு. காவிரிக்குத் தண்ணீர் வந்த நாள், எங்கள் வீதியில் எந்த வீட்டை எப்போது இடித்து ஃப்ளாட் கட்டினார்கள், எல்லாம் தேதியோடு நினைவிருக்கும். (கல்யாண நாளை மட்டும் ஒருமுறை மறந்திருக்கிறேன். மறந்த தேதியும் நினைவிருக்கிறது.)

இது நடந்தது எங்களுக்குக் கல்யாணமான மறு வருஷம், மாசி மாதம். என் மனைவி வைதேகி ஸ்ரீரங்கத்திலேயே பிறந்து, சின்ன வயதிலிருந்து கர்நாடக சங்கீதம் கற்றவள். உள்ளூர் சபாவில் ராமநவமிக்கு வருஷா வருஷம் அவளுக்கு ஒரு கச்சேரி உண்டு. மத்தியானக் கச்சேரி. சாப்பாடு முடிந்த கையோடு வந்து உட்காரும் அந்தக் கூட்டம் ஃபேனுக்காக வரும் கூட்டம். ராமநவமிக்கு ஒரே ஒரு தடவையாவது சாயந்திரம் பாட வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு சபா செக்ரட்டரி மாமா மனம் வைக்க வேண்டும்.

அவரும் இறங்கி வந்திருந்தார். "மாசியில ஒரு சனிக்கிழமை மண்டபம் காலியா இருக்கு. பாடும்மா. முழுக்க உட்கார்ந்து கேட்டுட்டு, ராமநவமிக்கு சாயந்திரம் கொடுக்கலாமான்னு சொல்றேன்."

அவளைப் பாட விட்டிருந்தால் போதும். நான் நடுவில் புகுந்தேன்.

அந்தச் சமயம் நான் ப்ளூஸ் சங்கீதத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். அமெரிக்கப் பருத்திக் காடுகளில் உழைத்த கறுப்பின மக்கள் பாடிய பாட்டு. அதற்கு முன்னால் ஆப்பிரிக்கப் பாலைவனத்துத் தந்தி வாத்தியங்கள். அங்கிருந்து ஸ்பெயின், அரேபியா என்று என் படிப்பு கப்பலேறிப் போய்க்கொண்டிருந்தது. படித்ததோடு நிற்காமல் பொன்மலைக்குப் போய் டெனிஸ் அங்கிளைப் பிடித்தேன். ஆங்கிலோ இந்தியர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்ச்சிலும் கல்யாண ரிசப்ஷனிலும் கிட்டார் வாசிப்பார். யாரும் கேட்காத நேரத்தில் தனக்காக வாசிப்பது ப்ளூஸ்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கிட்டாரை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு பஸ்ஸில் வருவார். ஃபில்டர் காபி உள்ளே போனதும் கண்ணை மூடி ஆரம்பிப்பார். முதல் நாள் வைதேகி ஓரமாக, கொஞ்சம் முறைப்பாகத்தான் உட்கார்ந்திருந்தாள். அவர் கம்பியை விரலால் மேலே தள்ளி ஒரு சுரத்தை அழ வைத்தார்.

"ஏன்னா! கம்பியை இழுத்து கமகம் கொண்டு வராரே இந்த மனுஷர்!"

"என்ன மேன், உன் ஒய்ஃப் ஒரு நோட்டுல நிக்கவே மாட்டேங்குது. ஆனா ஆடுறது அழகா இருக்கு" என்றார் டெனிஸ்.

அதற்குப் பிறகு அவர்களுக்கு நான் தேவைப்படவில்லை. அவர் அழ வைத்ததை அவள் குரலில் பிடிப்பாள். அவள் வேகமாக உருட்டிய பிருகாவைத் துரத்திக்கொண்டு அவர் கம்பிகளில் ஓடித் தடுக்கி விழுவார். இருவரும் சிரிப்பார்கள். காபி டபராவில் தாளம் போட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். வாழ்க்கையில் சில சாயங்காலங்களை அப்படியே நிறுத்திவைக்க முடிந்தால் என் பட்டியலில் அவைதான் முதலில் வரும்.

அந்த அழகை விளக்காமல் விட எனக்கு மனம் வரவில்லை. ப்ளூஸ்காரர்கள் சுற்றிச் சுற்றி வரும் ஐந்து சுரங்களைக் கேட்டு, "சுத்த தன்யாசி மாதிரின்னா இருக்கு" என்றாள் வைதேகி. நான் புத்தகங்களைப் புரட்டி, அதே ஐந்து சுரங்களில் வேறொன்றை ஆதாரமாக வைத்தால் மத்யமாவதி வருகிறது என்று கண்டுபிடித்தேன். (எனக்கு முன்பே எத்தனையோ பேர் கண்டுபிடித்ததுதான். அந்தப் பக்கத்தை நான் அதுவரை படிக்கவில்லை.)

"கச்சேரியை மத்யமாவதியில ஆரம்பிக்கிறோம். அங்கேருந்து ஆப்பிரிக்கா, அமெரிக்கா, ஸ்பெயின்."

வைதேகி என்னை வெறித்துப் பார்த்தாள். "மத்யமாவதி கச்சேரியை முடிக்கிற ராகம்னா. மங்களம் பாடற ராகத்துல யாராவது ஆரம்பிப்பாளா?"

"ஆரம்பிக்கக் கூடாதுன்னு எந்த நூல்லயாவது இருக்கா?"

"நூல்ல எதுக்கு இருக்கணும்? சாப்பாட்டுல மோர் முதல்ல வரப்படாதுன்னு எழுதியா வச்சிருக்கா?"

நான் விடவில்லை. கல்யாணமான புதிது என்பதால் அவள் விட்டுக்கொடுத்தாள். அந்தச் சலுகை எனக்குக் கிடைத்தது அதுதான் கடைசி.

சனிக்கிழமை சாயந்திரம், சித்திரை வீதி மண்டபம் நிறைந்திருந்தது. செக்ரட்டரி மாமாவை மட்டும் காணவில்லை. பெருமாள் புறப்பாடு தாமதம், சேவித்துவிட்டு வந்துவிடுவார் என்றார்கள். அவர் வரும்வரை ஒரு சிறிய முன்னுரை சொல்லலாமே என்று மைக்கை வாங்கினேன்.

சிறியதாகத்தான் ஆரம்பித்தேன். அடிமைக் கப்பல்கள் புறப்பட்ட ஆண்டுகளைச் சொன்னேன். மிசிசிப்பி நதிக்கும் காவிரிக்கும் உள்ள ஒற்றுமைகளைச் சொன்னேன். (இரண்டிலும் தண்ணீர் உண்டு என்பதைத் தவிர இன்று எதுவும் நினைவில்லை.) ஒரு தேதியைத் தவறாகச் சொல்லிவிட்டதாக நடுவில் சந்தேகம் வந்து, அந்த நூற்றாண்டை மறுபடி முதலிலிருந்து சொன்னேன். முன்வரிசையில் ஒரு மாமா தலையைப் பின்னால் சாய்த்து வாயைத் திறந்து தூங்கினார். பக்கத்தில் இருந்தவர் அவர் தோளில் தூங்கினார். வைதேகி சுருதிப்பெட்டியின் ஒலியை மெல்ல மெல்லக் கூட்டிப் பார்த்தாள். என் குரலும் கூடவே கூடியது.

கடைசியில் நானே களைத்துப்போய் உட்கார்ந்தேன். டெனிஸ் கண்ணை மூடி வாசிக்க, வைதேகி ஆலாபனையை எடுத்தாள். சுத்தமான மத்யமாவதி.

முன்வரிசை மாமா திடுக்கிட்டுக் கண்விழித்தார். இரண்டு கையையும் கூப்பினார். எழுந்து அங்கவஸ்திரத்தை உதறினார்.

"என்ன ஓய், இன்னிக்கு மிருதங்கத்துக்கு தனி ஆவர்த்தனமே வைக்கலையோ?" என்றார் தோளில் தூங்கியவர்.

"வச்சிருப்பா. நீர் தூங்கிட்டீர்."

அவ்வளவுதான். பின்வரிசை எழுந்தது, பிறகு நடுவரிசை. எல்லோரும் ஏகப்பட்ட நேரம் உட்கார்ந்திருந்தார்கள், காதில் விழுந்ததோ முடிக்கிற ராகம். சந்தேகப்பட ஒருவருக்கும் காரணம் இல்லை. ராகம் சமையல்கட்டுவரை கேட்டிருக்க வேண்டும். வாசலில் தொன்னையில் புளியோதரை கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். மைக் செட்காரர் வயரைச் சுருட்டத் தயாரானார். மிருதங்கம் வாசிக்க வந்த சீனு, வாத்தியத்துக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தான்.

"சீனு, என்னடா பண்றே?"

"நான் இன்னும் ஒரு அடிகூட அடிக்கலை சார். கை தானா உறையை எடுத்துடுத்து!"

வைதேகி பாட்டை நிறுத்தி என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. பல வருஷம் காத்திருந்த சாயந்திரத்தை நான் வாயாலேயே தின்று முடித்திருந்தேன். அப்போதுதான் எனக்கு அது உறைத்தது.

அந்த நேரம் பார்த்து செக்ரட்டரி மாமா வியர்க்க வியர்க்க உள்ளே ஓடி வந்தார். கண்ணை மூடியபடி டெனிஸ் இன்னும் வாசித்துக்கொண்டிருந்த மத்யமாவதி, எழுந்து நிற்கும் கூட்டம், புளியோதரை. ஒரு வினாடி திகைத்தார். பிறகு பொன்னாடையை எடுத்துக்கொண்டு மேடையேறி, மைக் செட்காரரிடமிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

"ஆரம்பத்துலேருந்து கேட்டேன்! ஓரமா நின்னுண்டு ஒரு நிமிஷம் நகரலை! அந்த வர்ணம் ஒண்ணு போறாதா? தோடி பாடினா பாருங்கோ, கண்ணுல ஜலம் வந்துடுத்து!"

வர்ணமும் இல்லை, தோடியும் இல்லை. ஆனால் தூங்கி எழுந்த சபை மொத்தமும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது.

வைதேகியின் முகம் மாறியதைப் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மைக்கில் விழும்படி கேட்டாள். "தோடி நிஜமாவே நன்னா இருந்துதா மாமா?"

"நன்னாவா! இந்த மாதிரி தோடி கேட்டு எத்தனை நாளாச்சு!"

"அப்போ ராமநவமிக்கு சாயந்திரம்…"

மாமா அவளைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். தப்பிக்க வழியில்லை. "உனக்குத்தாம்மா! சாயந்திரக் கச்சேரி உனக்குத்தான்!"

புளியோதரைத் தொன்னையோடு கை தட்டினார்கள். சத்தத்தில் கண்ணைத் திறந்த டெனிஸ் என்னிடம் குனிந்து கேட்டார்: "மேன், அடுத்த பாட்டு என்ன?"

வீடு திரும்பும் வழியில் வைதேகி இரண்டே வாக்கியம் பேசினாள். "ராமநவமிக்கு டெனிஸ் அங்கிள் வாசிக்கட்டும்" என்பது ஒன்று. என்னைப் பற்றிய மற்றதை இங்கே எழுத முடியாது.

ராமநவமியன்று முதலில் வர்ணம் பாடினாள். தோடியை நிஜமாகவே விரிவாகப் பாடினாள். பிற்பகுதியில் டெனிஸோடு சுத்த தன்யாசி. அவர் ஒரு சுரத்தை அழ வைக்க, அவள் அதை வாங்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தாள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. செக்ரட்டரி மாமா முதலிலிருந்தே முன்வரிசையில் இருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது டெனிஸ் அங்கிள் ஆஸ்திரேலியாவில் மகளோடு இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வருவார். பொன்மலை எப்படி இருக்கிறது, காவிரியில் தண்ணீர் வந்ததா என்று கேட்பார். நான் தேதியோடு பதில் சொல்ல ஆரம்பிப்பேன். கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்வார். பிறகு பேசாமல் கிட்டாரை எடுத்து மத்யமாவதியை மீட்டுவார். வைதேகி சிரித்துக்கொண்டே சமையலறைக்குப் போவாள். எங்கள் பெண் கையைக் கூப்பிவிட்டு எழுந்துவிடுவாள்.

ராகம் முடியும்வரை நான் மட்டும் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.